ஒரே சுவரில் இரண்டு மணிக்கூடுகள்

முல்லைத்தீவில் நான் வேலை செய்யும் கந்தோரில் மொத்தம் பதினொரு மணிக்கூடுகள் இருக்கின்றன. சேர்ந்த முதல் கிழமையே எண்ணிவிட்டேன். கணினிகளையும் வலையமைப்பையும் பார்ப்பதுதான் என் வேலை. மணிக்கூடுகளைப் பற்றி நியமனக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் பதினொரு விதமான நேரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். எந்த அறை, முள்ளா இலக்கமா, எத்தனை நிமிடம் முந்தி அல்லது பிந்தி, பற்றரி எப்போது மாற்றியது என்று நான்கு நிரல் போட்டேன். தபால் பகுதி நான்கு நிமிடம் முந்தி. பதிவேட்டு அறை ஏழு நிமிடம் பிந்தி. கூட்ட மண்டபத்தில் இருந்த ஊசல் மணிக்கூடு இரண்டு பத்தில் நின்றிருந்தது. ஊசல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஊசலுக்கு ஒரு பற்றரி, முட்களுக்கு வேறொரு பற்றரி. நேரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அழகுக்காக ஆடுகிற ஊசல்.

பக்கத்து மேசை அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உவளைப் பொம்பிளை பாக்க வாற அண்டைக்கும் மாப்பிள்ளையைப் பாக்கமாட்டாள், சுவரைத்தான் பாப்பாள்" என்றாள்.

"மாப்பிள்ளை எத்தினை நிமிசம் பிந்தி வாறார் எண்டு பாக்க வேணுமே அக்கா" என்றேன்.

வாசல் மண்டபத்துக்கு ஒரு டிஜிட்டல் மணிக்கூடு வாங்கித் தந்தார்கள். சிவப்பு இலக்கங்கள், ஒரு முழ நீளம். வலையமைப்புக் கம்பியைச் செருகினால் அது தானாகவே தன் நேரத்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளும். கம்பியைச் செருகியதும் நான்கு பூச்சியங்கள் கண்சிமிட்டின. பிறகு சட்டென்று 10:47 என்று நின்றது. கடலுக்கு அப்பால் எங்கோ, அணுக்களின் அசைவை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மணிக்கூட்டிடமிருந்து வந்த நேரம் அது. மீன்வாடிக்கும் கடல்நீர்க் களப்புக்கும் நடுவிலுள்ள எங்கள் கந்தோரின் சுவருக்கு அது வந்து சேர ஒரு கண்ணிமைப்புக்கூட ஆகவில்லை. அலுவலுக்கு வந்திருந்த சனம் வரிசையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. நானும் ஏணியிலிருந்து இறங்க மறந்து நின்றேன்.

அன்றே பழுதான ஒரு சின்ன மணிக்கூட்டையும் திறந்து பார்த்தேன். படிக்கிற காலத்தில் வரைபடத்தில் பார்த்ததுதான். ஆனால் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது வேறு. அரிசிமணி அளவில் ஒரு உலோகக் குப்பி. அதற்குள் கவட்டைபோல இரண்டாகப் பிரிந்த ஒரு பளிங்குத் துண்டு, குவாட்ஸ் என்பார்களே, அது. மின்சாரம் பட்டால் அது ஒரு செக்கனில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தெட்டு முறை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கி, அதைப் பாதியாக்கி, இப்படியே பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் செக்கன் முள்ளின் ஒரு அடி. கந்தோர்ப் படியில் உட்கார்ந்து பென்சிலால் பதினைந்து தடவையும் பாதியாக்கிப் பார்த்தேன். சரியாக ஒன்று வந்தது. வருமென்று தெரியும். இருந்தும் கை மயிர் சிலிர்த்தது. பளிங்கு என்பது மணலின் உறவு. எதிரே கிடக்கும் கடற்கரை முழுவதும் அந்தப் பொருள்தான்.

அந்த மாதந்தான் வீட்டில் என் சொந்த அக்காவின் கலியாணப் பேச்சு வந்தது.

எங்கள் வீடு முள்ளியவளையில். அப்பா இல்லை. அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது, கணித ரீச்சர். விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் எதிர் மேசையில் புவியியல் தாள் திருத்திக்கொண்டிருந்தவர்தான் மாப்பிள்ளை. கிளிநொச்சிக்காரர், அதுவும் வன்னிதான். அக்கா வீட்டில் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. ஆனால் திருத்தும் வேலை முடிந்து வந்த அன்று, மாணவர்களின் பிழைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி தேத்தண்ணி ஊற்றினாள். அதில் பாதிப் பிழை புவியியல் தாளில் வந்தது. அம்மா என்னைப் பார்த்தா. நான் அம்மாவைப் பார்த்தேன்.

இரண்டு வீட்டுக்கும் பிடித்திருந்தது. குறிப்புப் பொருத்தமும் பார்த்தாயிற்று. எழுபது வீதத்துக்கு மேல் பொருந்துகிறது என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். நாள் குறிப்பது ஒன்றுதான் மிச்சம் என்றிருந்தபோது, ஒரு பின்னேரம் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசி எடுத்தா. அம்மா அதை ஒலிபெருக்கியில் போட்டா. அம்மாவுக்கு எப்போதும் அப்படிக் கேட்டால்தான் விளங்கும்.

"ஒண்டு கேக்க மறந்திட்டன். உங்கட பெரிய பிள்ளையின்ர நேரம் ஆறு இருபத்தைஞ்சு எண்டு கிடக்கு. அது பழைய நேரமோ, புது நேரமோ?"

அம்மா தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றினா.

"கோவிக்காதேங்கோ. எங்கட மகன்ர குறிப்பில சொன்னதெல்லாம் அச்சொட்டா நடந்தது. பரீட்சை, வேலை, கால் முறிஞ்சது, எல்லாம். அதாலதான் நான் உதில கொஞ்சம் கவனம்."

இந்தக் கேள்வியை வன்னியில் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற ஒருவரிடந்தான் கேட்க முடியும். அக்கா பிறப்பதற்குச் சற்று முன்பு நாட்டின் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவைத்தார்கள். போர்க்காலம்; இயக்கத்தின் கையில் இருந்த வன்னிக்குள் அப்படித் தள்ளவில்லை. இங்கே பழைய நேரமே ஓடியது. இங்கே ஆறு மணி என்றால் அரசாங்கத்தின் பக்கம் இருந்த வவுனியாவில் ஆறரை. சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிறவர்கள் கைமணிக்கூட்டை அரை மணி கூட்டிவைப்பார்கள், திரும்பி வரும்போது குறைப்பார்கள். கடிதத்தில் நேரம் எழுதினால் பக்கத்தில் 'ப.நே.' அல்லது 'பு.நே.' என்று போடுவார்கள். கிட்டத்தட்டப் பத்து ஆண்டு இப்படி. பிறகு நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. என் கந்தோரில் கடல் தாண்டி வந்து சிவப்பாக எரிகிற நேரம், அம்மாவின் வாயில் 'பழைய நேரம்' என்று வருகிற அதே நேரந்தான்.

அக்கா வன்னியில் பிறந்தவள் என்பதால், பிரசவ விடுதியில் எழுதித் தந்த துண்டில் இருந்த ஆறு இருபத்தைந்தைப் பழைய நேரமாக வைத்தே குறிப்பு எழுதியிருந்தது. சாத்திரியாரிடம் திரும்பக் கேட்டோம். அவர் தாளைப் புரட்டிவிட்டு, அது புது நேரம் என்றால் பிறந்தது பழைய நேரப்படி ஐந்து ஐம்பத்தைந்து என்றார். லக்கினம் துலாத்திலிருந்து கன்னிக்குப் போகும். செவ்வாய் நாலாம் இடத்தில் வந்து நிற்கும். மாப்பிள்ளைக்குச் செவ்வாய் இல்லை. அப்படியானால் பொருத்தம் இல்லை.

அரை மணித்தியாலம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் நீளம். அதற்குள் அக்காவின் கலியாணம் நின்றுகொண்டிருந்தது.

அக்கா அழவில்லை. பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னாள்:

"நீதானே மணிக்கூட்டுக்காரி. எதெண்டு கண்டுபிடிச்சுச் சொல்லு."

மூன்று வழிகளை எழுதிக்கொண்டேன். பிரசவம் பார்த்த மருத்துவிச்சி, அவர் காலமாகிவிட்டார். விடுதியின் பதிவேடு; எத்தனையோ இடம்பெயர்வில் எத்தனையோ பதிவேடுகள் போன வழியில் அதுவும் போய்விட்டது. மூன்றாவது அம்மா. மிஞ்சியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா குசினி வாசலில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. நானும் ஒரு இலை நெட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பழுதான இயந்திரத்தைப் பற்றி அதைப் பாவித்தவரிடம் கேட்கும்போது, நாங்கள் சந்தேகப்படுவதை முதலில் சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். சொன்னால் அவர்களுக்கும் அதுவே நடந்ததுபோலத் தோன்றிவிடும்.

"அம்மா, அக்கா பிறந்த அறை எப்பிடி இருந்தது? வாசல்ல இருந்து சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"சொல்லுங்கோவன்."

"கட்டில் நாலு. எனக்கு ஜன்னல் பக்கம். கால்மாட்டுச் சுவரில இரண்டு மணிக்கூடு."

"இரண்டோ?"

"ஓம். ஒண்டு பெட்டி மணிக்கூடு, ஊசல் வைச்சது, சாவி குடுத்தா அடிக்கும். மற்றது வட்டம், பற்றரி போட்டது. இரண்டுக்கும் அரை மணி வித்தியாசம். அடிக்கிறது எங்கட நேரம். வட்டம் புது நேரம், கந்தோர் நேரம். பதிவெல்லாம் வவுனியாவுக்குப் போறதெண்டு அதையும் கொண்டுவந்து கொழுவினவை."

ஒரே சுவர். ஒரே ஆணி வரிசை. இரண்டு மணிக்கூடு, இரண்டும் சரி. நான் ஆய்வதை நிறுத்திவிட்டேன். பதினொரு மணிக்கூடுகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர நான் படும் பாட்டை நினைத்தேன். அந்த விடுதியில் யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கூடுகளையும் பார்த்து, அரை மணி வித்தியாசம் குறையாமல் கூடாமல் காப்பாற்றியிருக்கிறார். பெட்டி மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்க மறந்தால் எங்கள் நேரம் நின்றுவிடும். வட்ட மணிக்கூட்டின் பற்றரி தீர்ந்தால் மற்ற நேரம் நின்றுவிடும். பற்றரிக்கே வழியில்லாத காலம் அது.

"துண்டில நேரம் எழுதினது ஆர்?"

"மருத்துவிச்சி அம்மா. பிள்ளை அழுதவுடன நிமிர்ந்து சுவரைப் பாத்திட்டு எழுதினவா."

"எந்த மணிக்கூட்டை?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்? பிள்ளையைப் பாப்பனோ, அவாவின்ர கண் போற பக்கத்தைப் பாப்பனோ?"

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெட்டி மணிக்கூடு முழு மணிக்கு அத்தனை தரம் அடிக்கும். அரை மணிக்கு ஒரே ஒரு தரம். மருத்துவிச்சி பெட்டி மணிக்கூட்டைப் பார்த்து ஆறு இருபத்தைந்து என்று எழுதியிருந்தால், ஐந்து நிமிடத்தில் அது ஆறரைக்கு ஒரு தரம் அடித்திருக்கும். வட்ட மணிக்கூட்டைப் பார்த்து எழுதியிருந்தால், அப்போது பெட்டி மணிக்கூட்டில் ஐந்து ஐம்பத்தைந்து. ஐந்து நிமிடத்தில் ஆறு தரம் அடித்திருக்கும். ஒன்றா, ஆறா. அவ்வளவுதான் கேள்வி.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. ஒரு நெட்டை உருவிக்கொண்டே கேட்டேன்:

"அவா எழுதினாப் பிறகு என்ன நடந்தது?"

"பிள்ளையைத் துடைச்சு என்ர நெஞ்சில வைச்சவா. கொஞ்சத்தில மணி அடிச்சுது. பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் திடுக்கிட்டுது. இரண்டு கையும் இப்பிடி விரிஞ்சு மூடும்." அம்மா முருங்கையிலை ஒட்டிய கைகளை விரித்து மூடிக் காட்டினா. "எனக்குச் சிரிப்பும் அழுகையும். ஒரு காதைப் பொத்தினா மற்றக் காதுக்குக் கேக்கும். இரண்டையும் பொத்த எனக்குக் கை காணாது, ஒரு கையில சேலைன் ஊசி."

"எத்தினை தரம் திடுக்கிட்டாள்?"

"ஆறு."

யோசிக்கவே இல்லை.

"வடிவாத் தெரியுமோ?"

"நோவெடுத்த நேரம் முழுக்க அந்த மணியைத்தானே எண்ணிக்கொண்டு கிடந்தனான். அதை எண்ணாமல் விடுவனே? ஆறு அடிச்சு ஓய, ஜன்னல் சிவந்துது. வெயில் வரேல்லை, சிவப்பு மட்டும்."

நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன். அக்கா பிறந்தது புரட்டாதி மாதக் கடைசியில். அந்த நாளில், அந்த இடத்தில் சூரியன் எழுந்த நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லக் கணினி நிரல்கள் இருக்கின்றன. பழைய நேரப்படி ஆறு மணிக்கு முன்பின்னாக வந்தது. மரங்களுக்கு மேலாக வெயில் ஜன்னலுக்கு வர இன்னும் கொஞ்சம் வேண்டும். சிவப்பு மட்டும். அம்மா சொன்னது சரியாக அந்த நிமிடம்.

என் கந்தோர் மணிக்கூடு நேரத்தைக் கடல் தாண்டிக் கேட்டு வாங்குகிறது. அம்மா அந்த நேரத்தைப் பிள்ளையின் விரிந்து மூடிய கைகளில் எண்ணி, இருபத்தெட்டு ஆண்டு தன்னிடம் வைத்திருந்திருக்கிறா. அதற்குள் எத்தனை வீடு விட்டு எழும்பியிருப்பா. துண்டுக் காகிதம் ஒன்றும் ஒரு பெட்டியும் தவிர எல்லாம் போயிற்று. எண்ணிக்கை போகவில்லை.

அதன் பிறகுதான் அந்த விடையின் பாரம் விளங்கியது. துண்டில் இருந்தது அந்தக் கந்தோர் நேரம், அதாவது புது நேரம். செவ்வாய் நாலாம் இடத்தில்.

அக்கா சிவப்புப் பேனாவோடு தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். பேனாவை மூடி வைத்தாள்.

"சொல்லாமலும் விடலாம்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. "துண்டில ஆறு இருபத்தைஞ்சு எண்டுதானே கிடக்கு. ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே. பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான் உந்த அரை மணித்தியாலத்தைத்தான் நினைப்பன்." பேனாவைத் திரும்பத் திறந்தாள். "போய்ச் சொல்லுவம். போனில வேண்டாம்."

சனிக்கிழமை காலை பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னலோரம். நான் கொப்பியை மடியில் வைத்திருந்தேன். அம்மா ஒரு பையில் தோட்டத்து வாழைப்பழம் கொண்டுவந்திருந்தா. நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் வெறுங்கையோடு போகமாட்டா.

மாப்பிள்ளை வீட்டார் அந்தக் காலத்திலேயே யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குளத்து நீர் பாயும் காணி எடுத்து நெல் செய்கிறவர்கள். மாப்பிள்ளையின் அப்பா மெலிந்த மனிதர், அதிகம் கதைக்காதவர். இடது கையில் பழைய சாவி கொடுக்கிற மணிக்கூடு, கண்ணாடி கீறி மங்கியிருந்தது. மண்டபச் சுவரில் பெரிய வட்ட மணிக்கூடு. என் கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டேன். பன்னிரண்டு நிமிடம் முந்தி. வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி வந்தது. அக்கா குடிக்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த ஒழுங்கில் எல்லாவற்றையும் சொன்னேன்: சுவர், இரண்டு மணிக்கூடு, ஆறு அடி, சிவந்த ஜன்னல். மாப்பிள்ளையின் அம்மா ஒரு தரமும் குறுக்கிடவில்லை.

"அப்ப செவ்வாய்" என்றா கடைசியில்.

"ஓம், அன்ரி."

"அம்மா…" என்று தொடங்கினார் மாப்பிள்ளை.

"நீ பொறு." அவா எழும்பி அலுமாரியைத் திறந்தா. "பிள்ளையள், நீங்கள் மறைக்காமல் வந்து சொன்னது பெரிய காரியம். எனக்கு உங்களில ஒரு கோபமும் இல்லை. ஆனா பாருங்கோ, எங்கட மகன்ர நேரத்தில ஒரு பிசகும் இல்லை. வவுனியாவில பிறந்தவன். அங்க எல்லாம் புது நேரம்தான். சாத்திரியார் அரை மணி கழிச்சுத்தான் குறிப்பு எழுதினவர்."

பழைய பஞ்சாங்கம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. பின்னட்டையில் நீலப் பேனாவால் 'ஆண் குழந்தை, காலை 9.40' என்று எழுதியிருந்தது. எழுத்து சரிந்து, நெருக்கமாக, ஆஸ்பத்திரிப் பதிவுபோல இல்லாமல் இருந்தது.

"உதை ஆர் எழுதினது, அன்ரி?"

"இவர்தான். விறாந்தையில நிண்டு, தாதி வந்து சொன்ன உடன தன்ர மணிக்கூட்டைப் பாத்து எழுதினவர்."

நான் அவரிடம் திரும்பினேன். "அங்கிள், நீங்கள் எங்க இருந்து போனனீங்கள்?"

"இஞ்ச இருந்துதான். இவா முன்னமே போய் நிண்டவா. நான் சாவடி தாண்டப் பாஸ் எடுத்து முதல் நாள் போனனான்."

"சாவடி தாண்டேக்க மணிக்கூட்டை அரை மணி கூட்டினனீங்களோ?"

அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அதன் பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான் கூட்டேல்லை."

"என்ன சொல்லுறியள்?" என்றா அவா.

"நான் ஒருநாளும் கூட்டினதில்லை. கூட்டுறதும் குறைக்கிறதும் ஆர் நெடுக? நான் பேசாம விட்டன். பேந்து நாடே என்ர நேரத்துக்கு வந்திட்டுதுதானே."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

மாப்பிள்ளை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். கையை எடுத்தபோதுதான் சிரிப்பென்று தெரிந்தது.

"வகுப்பில நேர வலயம் படிப்பிக்கிறவன் நான்" என்றார். "என்ர பிறந்த நேரமே பிழை."

அவருடைய அம்மா சிரிக்கவில்லை. பஞ்சாங்கத்தின் பின்னட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தா. சாத்திரியார் கழித்த அரை மணித்தியாலத்தைக் கழித்திருக்கவே கூடாது. அப்படியென்றால் அவா முப்பது ஆண்டுக்குக் கிட்ட, வேறொரு நிமிடத்தின் குறிப்பைப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்திருக்கிறா.

"பரீட்சை பாஸ் பண்ணுவான் எண்டவர், பண்ணினான்" என்றா மெதுவாக. "வேலை எண்டவர், கிடைச்சது. இருபத்திரண்டில காலில கண்டம் எண்டவர், மோட்டச்சைக்கிள்ளால விழுந்தான். எல்லாம் நடந்ததே. அப்ப ஆரின்ர குறிப்பு நடந்தது?"

"ஆரோ ஒருத்தனுக்கு முறிய வேண்டிய காலை நான் முறிச்சுப்போட்டன், அம்மா."

"வாயைப் பொத்தடா."

எங்கள் அம்மா வாழைப்பழப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தா.

"அக்கா" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டா. "என்ர பிள்ளை ஆறு அடிக்கும் திடுக்கிட்டவள். அதுக்குப் பிறகு இண்டைவரைக்கும் அவள் ஒண்டுக்கும் திடுக்கிட்டதை நான் காணேல்லை. இதுக்குமேல அவளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது."

மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பார்த்தா. அக்கா முதுகு நிமிர்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அந்தப் பார்வை நீளமானது. நான் அளக்கவில்லை. பிறகு அவாவின் வாயோரம் கோணியது. அதை அடக்கப் பார்த்தா, முடியவில்லை. சிரித்தா.

"அப்ப இரண்டு குறிப்பையும் திரும்ப எழுதுவிக்கட்டோ?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா, குற்றம் செய்தவரின் குரலில்.

"வேண்டாம். எழுதுவிச்சா இவன் பிறந்ததில இருந்து எது நடந்தது, எது நடக்கேல்லை எண்டு திரும்ப முதல்ல இருந்து பாக்கவேணும். எனக்கு இனி ஏலாது." அவா அக்காவிடம் குனிந்து கோப்பையை வாங்கினா. "இது ஆறிப்போச்சு பிள்ளை, வேற ஊத்திக்கொண்டு வாறன்." குசினி வாசலில் நின்று திரும்பினா. "தை பிறக்க ஒரு நாளைப் பாருங்கோ. மழையும் விட்டிடும்."

அக்கா அப்போதுதான் மூச்சை விட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கு அது கேட்டது.

புதுத் தேத்தண்ணியோடு வந்தபோது அவா சுவரைக் காட்டி என்னைக் கேட்டா:

"பிள்ளை, நீர்தானே மணிக்கூடு பாக்கிற ஆள். இது சரியோ?"

"பன்னிரண்டு நிமிசம் முந்தி, அன்ரி."

"அது பஸ்ஸுக்குக் கூட்டி வைச்சது. பன்னிரண்டில்லை, பத்து."

"பன்னிரண்டு."

"அப்பாவும் இரண்டு கூட்டியிருப்பார்" என்றார் மாப்பிள்ளை.

"நான் மணிக்கூட்டில கை வைக்கிறேல்லை" என்றார் அவர்.

"சரி, இண்டைக்கு மட்டும் சரியா வையும்" என்றா அவா என்னிடம்.

கதிரையில் ஏறி அதைக் கழற்றி எடுத்தேன். பின்பக்கம் தூசியும் ஒரு சிலந்தி வலையும். பற்றரியை எடுத்துவிட்டு, முட்களை வரப்போகும் நிமிடத்துக்குத் திருப்பி வைத்தேன். செக்கன் முள் பன்னிரண்டில் நின்றது. கைத்தொலைபேசியில் செக்கன் பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். ஏனென்று தெரியவில்லை, எல்லோரும் கதையை நிறுத்திவிட்டார்கள். ஐந்து பேரும் என் கையிலிருந்த அந்தப் பிளாஸ்ரிக் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. பற்றரியை அழுத்தினேன். முள் ஒரு அடி வைத்தது. உள்ளே அந்த அரிசிமணிக் குப்பி தன் அதிர்வைத் தொடங்கி, பதினைந்து முறை பாதியாகி, ஒன்றாக வெளியே வந்திருந்தது. எத்தனையோ முறை செய்த வேலைதான். அதைத் திரும்ப ஆணியில் கொழுவினேன்.

"எத்தினை மணி?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா. பஞ்சாங்கத்தைத் தன் பக்கம் இழுத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார்.

"பதினொண்டு இருபது, அங்கிள்."

மகன் பிறந்த நேரத்துக்குக் கீழே, அதே சரிந்த நெருக்கமான எழுத்தில் எழுதினார்: 'பேசி முடிந்தது. காலை 11.20.' பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு இன்னும் இரண்டு சொல் சேர்த்தார்.

(பழைய நேரம்).